கீழ்வரிசை

ஜூன் 9, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் ஷெரின் கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டை இழுத்து இழுத்துப் பல்லை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்குப் போனதிலிருந்து சிரிப்பைக் குறைத்துவிட்டாள். மேல்வரிசை எடுப்பு. அதில் ஒரு கோரைப்பல் இடம் கிடைக்காமல் ஈறுக்கு மேலே ஏறி நிற்கிறது. வகுப்பில் யாரோ 'தேங்காத் துருவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதே பள்ளிக்கூடத்தில்தான் நானும் கணக்கு டீச்சர். எனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கும்?

பல்லுக்குக் கிளிப் போட்டுவிடலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று முழுசாகச் சொல்லி முடித்தேன். திரும்பக்கூட இல்லை. முன்னால் வந்து நின்றதும் திடுக்கிட்டு, எப்போது வந்தாய் என்று கேட்டார். நான் பக்கத்தில் நிற்பதே தெரியாத அளவுக்கு அப்படி என்ன யோசனை?

உப்பளக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வெயிலில் நின்று நின்று அலுப்பு, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாவு அரைத்து வைத்தாயிற்று. மோட்டார் மறுபடியும் மக்கர்.

ஜூன் 22, சனி

பல் கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். புதிதாக வந்திருக்கும் டாக்டர். சுபாஷிணி என்று பெயர். சின்ன வயது, நல்ல களை. காட்டன் புடவை கசங்காமல் எப்படித்தான் கட்டுகிறார்களோ.

ஷெரினைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, மேசை மேல் பிளாஸ்டரில் வார்த்த பல் வரிசை மாடல்களை எடுத்து வைத்து விளக்கினார். டப்பாவை மூடி மூடுவதுபோல மேல்வரிசை கீழ்வரிசையைக் கொஞ்சமாக மூட வேண்டுமாம். ஷெரினுக்கு மேல்வரிசை ரொம்ப முன்னால் வந்துவிட்டது. சிலருக்கு மேல்பல் கீழ்ப்பல்லை முழுவதுமாக மறைத்து, ஈறிலேயே போய்க் குத்தும். சிலருக்கு ஒன்றிரண்டு மேல்பல் மட்டும் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். விரல் சூப்பிய பிள்ளைகளுக்கு, வாயை மூடினாலும் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் தொடாமல் நடுவில் சந்து நிற்கும். கடைசி மாடலில் கீழ்த்தாடை முன்னால் வந்து, கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்.

சும்மா பார்க்கவில்லை. உற்றுப் பார்த்தார். பிறகு, "சார், கொஞ்சம் பல்லக் கடிச்சு உதட்டத் திறங்க" என்றார். இவரும் சொன்னதைச் செய்தார். எப்போதிருந்து இப்படி என்று டாக்டர் கேட்க, எப்போதுமே இப்படித்தான் என்றார். டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை. கைவிரல்களைக்கூட நீட்டச் சொல்லிப் பிடித்துப் பார்த்தார்.

வைத்தியம் பிள்ளைக்கு. கை பிடிப்பது அப்பாவுக்கு.

வரும் வழியில் ஷெரின், "அப்பா, நீங்களும் என்ன மாதிரி கிளிப் போட்டுக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்றாள். அவர் வண்டியை வீட்டு கேட்டில் இடித்தார். தினம் நுழைகிற கேட்.

ஜூலை 6, சனி

புதுச் செருப்பு, புது ஷூ. பழையது நன்றாகத்தான் இருந்தது, போன பண்டிகைக்கு வாங்கியது. கடிக்கிறது என்றார். எட்டாம் நம்பர் போடுகிறவர் பத்தாம் நம்பர் வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று சொன்னேன். 

பீரோவில் வாசனை ஸ்பிரே ஒன்றும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பவுடர்கூடப் போடாத மனிதர். வேர்வை தாங்க முடியவில்லை என்று சொல்கிறார். தூத்துக்குடியில் இத்தனை வருஷமாக வேர்க்கவில்லையா?

நான் சந்தேகப்படுகிறவள் இல்லை. துணி துவைக்கப் போடும்போது பாக்கெட்டைப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒன்றும் இல்லை.

ஜூலை 17, புதன்

அவர் கையில் கல்யாண மோதிரம் இல்லை.

எவ்வளவு நாளாக இல்லை என்று தெரியவில்லை. விரலில் மோதிரம் இருந்த தடம்கூட மங்கிப்போயிருக்கிறது. கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலை நான் நம்ப வேண்டியிருக்கும்.

ஹாலில்தான் படுக்கிறார், பொங்கல் முடிந்ததிலிருந்தே. குறட்டை எனக்குத் தொந்தரவாம். குறட்டை உண்மைதான், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கும். ஆனால் நான் தொந்தரவு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏழாம் வகுப்புப் பேப்பர் கட்டு அப்படியே கிடக்கிறது.

ஜூலை 20, சனி

பியூட்டி பார்லருக்குப் போய்வந்தேன். எதற்கு என்று ஷெரின் கேட்டாள். வெயிலில் முகம் கறுத்துவிட்டது என்றேன். மாம்பழக் கலரில் ஒரு சேலையும் எடுத்தேன். சும்மாதான், தள்ளுபடி போட்டிருந்தார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மூன்று பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. ஆராதனை முழுக்க நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார். தலைவலி என்றார். பாட்டும் பாடவில்லை. நல்ல குரல் உள்ளவர். இப்போது 'ச' வருகிற இடமெல்லாம் சளசளக்கிறது என்று பாடகர் குழுவில் உள்ள ஒரு பிள்ளை சொல்லிச் சிரித்ததாம். அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை.

சாப்பாட்டிலும் புதுப் பழக்கம். சப்பாத்தியைப் பல்லால் கடிக்காமல் கையால் துண்டு துண்டாகப் பிய்த்து உள்ளே தள்ளுகிறார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

முதல் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தபடி நிற்கிற படம் இல்லை. பின்னால் அவர் தனியாக மாலையோடு நிற்கும் படமும் இல்லை. ஒட்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. கிழித்து எடுக்கவில்லை. பதமாக, நிதானமாக எடுத்திருக்கிறார்.

ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போகிறவன் எதையெதை எடுப்பான்?

ஆகஸ்ட் 3, சனி

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. எடுத்தேன். பெண் குரல். "ஜோதிராஜ் சாரா? டாக்டர் சுபாஷிணி மேடம் பேசச் சொன்னாங்க. சார் போட்டோ குடுத்துட்டுப் போனாருல்ல..." நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் திக்கினாள். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

போட்டோ.

அவர் துண்டோடு வந்து யார் என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன். என் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மீன்காரம்மா வந்தாள். வஞ்சிரம் வாங்கினேன். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். மூன்று பேரும் அவரவர் நேரத்தில் சாப்பிட்டோம், யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

மதுரைக்குக் கம்பெனி வேலையாகப் போகிறாராம். விடியற்காலை பஸ். ஸ்பிரே அடித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். அவரோடு வேலை பார்க்கிற செல்லச்சாமியின் மகன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். மிட்டாய் கொடுக்கும் இடத்தில் செல்லச்சாமி என்னைப் பார்த்து, சார் சனிக்கிழமை லீவு போட்டிருந்தாரே, உடம்புக்கு இப்போது தேவலையா என்று விசாரித்தார். தேவலை என்றேன்.

கம்பெனி வேலை இல்லை. நல்லது. இப்போது தெளிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

மத்தியானம் கிளினிக் பக்கம் போனேன். ஷெரினுக்கு அடுத்த தேதி கேட்கலாம் என்றுதான். வெளியே அவர் வண்டி நின்றது. எதிரே ஜூஸ் கடையில் நின்றுகொண்டேன். ஒரு சாத்துக்குடி ஜூஸை எவ்வளவு நேரம்தான் குடிப்பது?

வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டரும் வாசல் வரை வந்தாள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இவர் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இவர் கை மேல் கை வைத்தாள். நடுத்தெருவில், பட்டப்பகலில். இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். படியில் இறங்கும்போது ஓரத்தில் நின்ற சைக்கிளில் மோதி, அதைத் தள்ளிவிட்டுத் தடுமாறினார். புத்தி அந்த அளவுக்குப் பேதலித்திருக்கிறது.

நேரே வீட்டுக்கு வந்து நாகர்கோவிலுக்குப் போன் போட்டு எட்வின் அண்ணனிடம் சொன்னேன். யார் என்று பேர் சொல்லவில்லை. ஒரு பெண் என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 28, புதன்

ஷெரினுக்கு முதல் கம்பி போட்டார்கள். நான் லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிப் போனேன், அவரை வர வேண்டாம் என்றேன். டாக்டர் என்னிடம் ரொம்பப் பரிவாகப் பேசினாள். "சார் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் நிம்மதி, நீங்கள்தான் அவருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம்.

ஷெரினால் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்காரும் நேரத்துக்கு அண்ணன் வந்தான். வந்த வேகத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஷெரினை மாடிக்குப் போகச் சொன்னேன். படி வரைதான் போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் நேராகக் கேட்டான். "மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. கையில கெடந்த மோதிரத்த யாருக்குக் குடுத்திய?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ கணக்குக்கு விடை கிடைத்த பையன் மாதிரி பார்த்தார். எழுந்து உள்ளே போனார். ஒளிந்துகொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் மோதிரத்தை வைத்தார். பிறகு அதை எடுத்து விரலில் மாட்டினார். நடு மூட்டுக்கு வரும் முன்பே நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் கொண்டு வா என்றான் அண்ணன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மறு கையால் தள்ளிக் காட்டினார். அசையவில்லை. அந்த விரலைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த விரல் இல்லை. கையும் இல்லை. வாழைப்பூ மடல்போல அகன்று தடித்த கை.

"ஊதிட்டிய, அவ்வளவுதானே?" என்றான் அண்ணன். "மதுரைக்கு எதுக்குப் போனிய?"

அவர் பல்லைக் கடித்து உதட்டைத் திறந்து காட்டினார். கீழ்வரிசை முழுவதும் மேல்வரிசைக்கு முன்னால் நின்றது. பற்களுக்கிடையே தீக்குச்சி நுழைகிற சந்து.

"மச்சான், நல்லாப் பாருங்க. கல்யாணத்தப்ப எனக்கு மேல்பல்லுதான் முன்னால இருந்துச்சு. நெருக்கமாவும் இருந்துச்சு. போட்டோவ வச்சுப் பாத்துட்டுத்தான் அந்த டாக்டரம்மா கண்டுபிடிச்சாங்க. பெரிய ஆளுக்குத் தாடை வளராது. எனக்கு வளருது. கை வளருது, காலு வளருது." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "தலைக்குள்ள ஒரு கட்டி இருக்கு. மதுரைல ஸ்கேன் எடுத்தாச்சு. அதுதான் வளத்துவிடுது."

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். படியில் ஷெரின் அழுகிற சத்தம் கேட்டது. அவர்தான் எழுந்து போய் அவளைக் கூட்டிவந்தார். நான் அசையாமல் நின்றேன்.

சாயங்காலம் அண்ணன் புறப்படும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். "அதெல்லாம் விடுங்க மச்சான்" என்று சொல்லி வழியனுப்பினார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார்.

"டாக்டரு பழைய போட்டோ கேட்டாங்க. எடுத்துப் பாத்தேன். அந்த ஆள எனக்கே அடையாளம் தெரியல, ரூபி. ஒங்கிட்ட எப்படிக் காட்ட? வெக்கமா இருந்துச்சு."

செப்டம்பர் 4, புதன்

கிளினிக்குக்கு இரண்டு பேருமாகப் போனோம். டாக்டர் சுபாஷிணி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில்தான் கட்டி. உடம்பை வளர வைக்கும் சுரப்பு அதிலிருந்து அளவுக்கு மீறி வருகிறதாம். புற்று இல்லை. ஆனால் கண்ணுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இரண்டு பக்கவாட்டிலும் பார்வை இருட்டாகிவிட்டது. நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். விட்டால் அதுவும் போகும். இருதயத்துக்கும் கேடு. தலைவலி, வேர்வை, குறட்டை, ஆண்பிள்ளைக்கு ஆசை குறைந்துபோவது, எல்லாம் அதனால்தான்.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வாசலில் நான் பக்கத்தில் நின்றது நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல முடியாமல், ஷெரினுக்கு அடுத்த கம்பி எப்போது என்று கேட்டேன்.

செப்டம்பர் 18, புதன், மதுரை

நாளை ஆபரேஷன். மூக்கு வழியாகப் போய் எடுப்பார்களாம். தலையைத் திறக்க வேண்டியதில்லை. ஷெரினை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். எதற்கெல்லாம் வாய்ப்பு உண்டு என்று ஒரு பையன் டாக்டர் அடுக்கிக்கொண்டே போனான். பாதிக்கு மேல் காதில் விழவில்லை.

எல்லோரும் என்னிடம் எதையோ மறைப்பதுபோலவே இருக்கிறது. நர்ஸ் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றுகிறது. டாக்டர்கள் வராந்தாவில் பேசி நிறுத்தினால் எங்களைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. பழக்கம் போகவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

முடிந்தது. கண் விழித்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூக்கில் பஞ்சு அடைத்திருப்பதால் வாயால்தான் மூச்சு. பக்கவாட்டில் விரலை நீட்டி எத்தனை என்று டாக்டர் கேட்டார். வலது பக்கம் சரியாகச் சொன்னார். இடது பக்கம் மெதுவாகத்தான் வருமாம். நான் கட்டிலுக்கு வலப்பக்கம் ஸ்டூலை மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பழைய முகம் திரும்புமா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். வீக்கம் வடியும், உதடும் நாக்கும் விரலும் கொஞ்சம் குறையும் என்றார். எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். தாடை பின்னால் போகாது. பல் அப்படியேதான் இருக்கும்.

இதை அவரிடம் சொல்லவில்லை. இப்போது நான் மறைக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிவிட்டது. ஷெரினுக்குக் கம்பி முறுக்கப் போனபோது டாக்டர் சுபாஷிணி அவருடைய பல்லையும் அளந்தார். முன்பு எடுத்த அளவேதான் இருக்கிறதாம். நகரவில்லை, அது நல்ல அறிகுறி என்றார். இரத்தத்தில் அந்தச் சுரப்பு அடங்கி ஒரு வருஷம் அப்படியே நின்றால், தாடையை அறுத்துப் பின்னால் தள்ளி வைக்கும் ஆபரேஷன் உண்டாம். செய்துகொள்கிறீர்களா என்று கேட்டார்.

எலும்பு திரும்பாது என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஷெரின் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் சமையல்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணனிடம்கூடச் சொல்லாததை, ஜூஸ் கடையில் நின்றதை, கை மேல் கை வைத்ததைப் பார்த்ததை, யாரை நினைத்துச் சந்தேகப்பட்டேன் என்பதை, எல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

 திரும்பிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கிறார். வாயைக் கையால் மூடவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சுபாஷிணி டாக்டரையா? அவங்க என்னப் பாத்த பார்வை, மாட்டுக்குப் பல்லுப் பாப்பாங்கள்ல, அந்தப் பார்வைட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்புத்தான், மன்னிச்சிருங்க என்றேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது இதுதான் முதல் முறை.

அவர் கீரையைக் கீழே வைத்தார்.

"கண்ணாடியப் பாத்துப் பாத்து, இனிமே ஒருத்தியும் இந்த மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க மாட்டான்னு நான் முடிவு கட்டிட்டேன். நீயும்தான்னு நெனச்சேன். அன்னைக்கு ஒங்க அண்ணன் வந்து, எவளுக்குக் குடுத்தியன்னு நிக்காரு. எனக்கு அவமானமாத்தான் இருந்திருக்கணும்." தாடையைத் தடவிக்கொண்டார். "எனக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு, ரூபி. இந்த மூஞ்சிக்கு ஒருத்தி வருவான்னு நீ ஒருத்தியாவது நம்பியிருக்க."

அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். செருப்பை, சட்டைப் பையை, போனை, விரலை, எல்லாவற்றையும் இத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்க்கவில்லை. புருவ எலும்பு கூரை விளிம்புபோல முன்னால் வந்திருக்கிறது. மூக்கு அகன்றிருக்கிறது. கன்னத்தில் ஆழமாக இரண்டு மடிப்பு. தாடை நீண்டு, கீழ்வரிசைப் பல் முன்னால் நின்று, கீழுதட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறது. கண் மட்டும் மாறவில்லை என்று எழுதினால் பொய். கண்ணும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.

"என்ன, இப்படிப் பாக்க?" என்றார்.

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.